கைநாட்டு வைத்த ஒரே தாள்: சாகோஸ் தீவு மக்களின் வெளியேற்றமும் அதன் பின்விளைவுகளும்

கன்னியாகுமரியிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 1,800 கி.மீ. தொலைவில், இந்தியப் பெருங்கடலின் நட்டநடுவே டியேகோ கார்சியா என்னும் பவளத்தீவு இருக்கிறது. அதற்கு வடக்கே உள்ள பெரோஸ் பன்ஹோஸ், சாலமன் ஆகிய சிறு தீவுக்குழுக்களிலும் ஒரு காலத்தில் மக்கள் குடியிருந்தார்கள். இம்மூன்றும் அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தை 1967-க்கும் 1973-க்கும் இடையே பிரிட்டிஷ் அரசு குடிகளே இல்லாத நிலமாக்கியது. டியேகோ கார்சியாவில் அமெரிக்க இராணுவத் தளம் அமைவதற்காகவே இது செய்யப்பட்டது. அப்புறப்படுத்தப்பட்டவர்கள் 1,500 முதல் 2,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மொரீஷியஸ், செஷல்ஸ், இங்கிலாந்து என மூன்று நாடுகளில் சிதறியிருக்கிறார்கள்.

வேலூரில் சமூகப்பணி மாணவர்களுக்கு மறுகுடியமர்வு குறித்துப் பாடம் எடுக்கும்போது நான் முதலில் எடுத்துக்கொள்வது இந்த நிகழ்வைத்தான். நம் பக்கத்தில் கைக்கெட்டும் உதாரணங்கள் இல்லாமலில்லை. பாலாற்றங்கரை ஆக்கிரமிப்பு அகற்றமும் சாலை விரிவாக்கமும் மாணவர்கள் கண்ணால் பார்த்தவை. ஆனால் அவற்றில் வெள்ள அபாயம், பொதுப்பயன், நீதிமன்ற ஆணை என்று பலவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், யாருடைய முடிவால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். சாகோஸில் வெள்ளமில்லை, எரிமலையில்லை, பஞ்சமில்லை. அங்கே நடந்ததெல்லாம் முழுக்க முழுக்க அலுவலக மேசையில் எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளின் தாள்களும் பிற்பாடு நீதிமன்றங்களின் வழியே வெளிவந்துவிட்டதால், ஒரு சமூகத்தை எப்படிப் படிப்படியாக இல்லாமல் ஆக்கினார்கள் என்பதை வரிவரியாகப் படித்துப் பார்க்க முடிகிறது.

தீவில் இருந்தவர்கள்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தென்னந்தோட்டங்களைத் தொடங்கி, மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1814-ஆம் ஆண்டுப் பாரீஸ் உடன்படிக்கையின்படி மொரீஷியஸோடு சேர்த்து சாகோஸும் பிரிட்டன் வசமாயிற்று. 1835-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு தென்னிந்தியாவிலிருந்தும் கூலியாட்கள் போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் எல்லாரும் கலந்து, ஐந்தாறு தலைமுறைகளில், சொந்தமாக ஒரு கிரியோல் (பிரெஞ்சு கலந்த) மொழியும் கத்தோலிக்க வழிபாடும் சேகா என்னும் பாட்டும் ஆட்டமும் கொண்ட தனிச் சமூகமாக ஆனார்கள். பிரிட்டிஷ் அரசின்மேல் 1975-இல் முதன்முதலாக லண்டனில் வழக்குத் தொடுத்த தீவுக்காரரின் பெயர் மிஷேல் வென்கடாசன். வேலூர் வகுப்பறையில் அந்தப் பெயரை வாசிக்கும்போது பின்வரிசையில்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

கொப்பரைதான் பிழைப்பு. ஆண்கள் தேங்காய் பொறுக்கி மட்டை உரிப்பார்கள். பெண்கள் உடைத்துப் பருப்பைக் கெல்லி எடுத்துக் களத்தில் காயவைப்பார்கள். மழை வந்தால் சூடேற்றும் கொட்டகைக்குள் கொண்டுபோவார்கள். குடியாத்தம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் இந்த வேலையைப் பார்த்திருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ரொக்கக் கூலி சொற்பம். அரிசி, மாவு, எண்ணெய் முதலியவற்றைத் தோட்டக் கம்பெனியே படியாக அளந்தது. வீட்டுக்கு வாடகை கிடையாது. வீட்டைச் சுற்றிக் காய்கறி, கோழி, பன்றி. எதிரே மீன் நிறைந்த கடல். இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கம்பெனி சொன்னதுதான் சட்டம், மேலாளரே நீதிபதி, பள்ளியும் மருத்துவமும் பெயருக்குத்தான். ஆனால் வேலை இல்லாதவரும் வீடு இல்லாதவரும் அங்கே இல்லை. பின்னால் வந்த வறுமையை அளப்பதற்கு இந்த ஒரு செய்தி முக்கியம். நிலமும் வீடும் அவர்கள் பெயரில் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது அதைவிட முக்கியம்.

குடிகள் கூலிகளான விதம்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை இந்தியப் பெருங்கடலில் ஒரு தளம் தேடிக்கொண்டிருந்தது. விடுதலையடையப் போகும் நாடுகளின் மண்ணில் தளம் வைத்தால் நாளைக்கே வெளியேறச் சொல்லலாம் என்பதால், ஆள் குறைவான, அரசியல் தொந்தரவு இல்லாத தீவே அவர்களுக்குத் தேவைப்பட்டது. சாகோஸோ பிரிட்டனின் மொரீஷியஸ் காலனியின் பகுதி. மொரீஷியஸ் விடுதலை கேட்டுக்கொண்டிருந்தது. 1965 செப்டம்பரில் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் பேச்சுவார்த்தை நடந்தபோது, மொரீஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலத்துக்கு விடுதலை கிடைக்கும் என்ற ஆசையையும் கிடைக்காமல் போகலாம் என்ற பயத்தையும் ஒருசேரக் காட்ட வேண்டும் என்று பிரதமர் வில்சனுக்கு அதிகாரிகள் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். 30 லட்சம் பவுண்டு இழப்பீட்டுக்கு சாகோஸைப் பிரித்துத் தர மொரீஷியஸ் தரப்பு இசைந்தது. அந்த ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், செஷல்ஸிடமிருந்து பிரித்த சில தீவுகளையும் சேர்த்து, 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி' என்ற புதுக் காலனி உருவாக்கப்பட்டது. விடுதலைக்கு முன் ஒரு நாட்டைத் துண்டாடக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை டிசம்பரில் போட்ட தீர்மானம் கண்டுகொள்ளப்படவில்லை.

1966 டிசம்பர் 30-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. 50 ஆண்டுகளுக்குத் தீவு அமெரிக்கப் பாதுகாப்புத் தேவைக்கு. வேண்டுமானால் இன்னும் 20 ஆண்டுகள். வாடகை இல்லை. ஆனால் போலாரிஸ் ஏவுகணைகளை வாங்குவதில் பிரிட்டன் கட்ட வேண்டிய தொகையில் 1 கோடியே 40 லட்சம் டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. இது இரு நாட்டு மக்கள் மன்றங்களுக்கும் தெரியாமல் மறைக்கப்பட்டது.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: 'ஆட்களை வெளியேற்றத்தான் போகிறார்கள் என்றால், அங்கே ஆட்களே இல்லை என்று எழுதி வைக்க வேண்டிய தேவை என்ன?' விடை ஐ.நா. சாசனத்தின் 73-ஆம் பிரிவில் இருக்கிறது. தன்னாட்சி பெறாத நிலப்பகுதியில் நிலையான மக்கள் இருந்தால், அவர்கள் நலனைக் காப்பது ஆளும் நாட்டின் புனிதக் கடமை. அவர்களைப் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை தர வேண்டும். நிலையான மக்கள் என்று ஒத்துக்கொண்டால் பொறுப்பு வரும். ஆகவே தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து செத்தவர்களை, மொரீஷியஸிலிருந்தும் செஷல்ஸிலிருந்தும் வந்துபோகும் ஒப்பந்தக் கூலிகள் என்று வகைப்படுத்தினார்கள். 1966-ஆம் ஆண்டு வெளியுறவு அலுவலகக் குறிப்புகளில் இது வெளிப்படையாகவே பேசப்படுகிறது: கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வகுடிகள் இருக்கக் கூடாது என்று ஓர் உயரதிகாரி எழுத, பறவைகளோடு சில டார்ஜான்களும் இருப்பது துரதிர்ஷ்டமே என்று இன்னொருவர் கிண்டலாகப் பதில் எழுதுகிறார். ஒரு சமூகத்தின் தலையெழுத்தைப் பற்றிய கோப்பில் இத்தனை குஷியான நடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கப்பலை நிறுத்தினால் போதும்

வெளியேற்றம் என்றதும் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் கண்முன் வருவார்கள். சாகோஸில் பெரும்பாலும் அது தேவைப்படவில்லை. 1967-இல் அரசு தோட்டங்களை 6,60,000 பவுண்டுக்கு விலைக்கு வாங்கி, பழைய நிர்வாகத்திடமே நடத்தக் கொடுத்தது. பிரசவத்துக்கோ மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்கள் ஊர் திரும்பக் கப்பல் அலுவலகத்தில் சீட்டுக் கேட்டபோது, தீவு விற்றாகிவிட்டது, இனிப் போக முடியாது என்ற பதில் கிடைத்தது. தீவிலோ சரக்கு வருவது குறைந்தது. ஆசிரியரும் மருத்துவப் பணியாளரும் போன இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. அரிசியும் மருந்தும் கப்பலை நம்பியிருக்கும் தீவில், கப்பலை நிறுத்துவதே வெளியேற்ற ஆணை.

பெரோஸ் பன்ஹோஸைச் சேர்ந்த ரீத்தா பான்கூலின் குடும்பம் இதற்கு எடுத்துக்காட்டு. வண்டிச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிய சிறுமி நோயெல்லியைக் காப்பாற்ற, 1968-இல் குடும்பமே மொரீஷியஸுக்குக் கப்பலேறியது. குழந்தை பிழைக்கவில்லை. அடக்கம் செய்துவிட்டு ஊர் திரும்பப் போனால் வழி அடைபட்டிருந்தது. அப்போது நான்கு வயதுச் சிறுவனாக உடன் போன ஒலிவியே பான்கூல்தான் பிற்காலத்தில் அரசின்மேல் வழக்குமேல் வழக்காகத் தொடுத்தவர்.

1971 ஜனவரியில் டியேகோ கார்சியாவில் எஞ்சியவர்களைக் கூட்டி, தீவு மூடப்படுகிறது என்று அறிவித்தார்கள். மார்ச்சில் அமெரிக்கக் கட்டுமானப் படையினர் வந்து இறங்கினார்கள். அனுமதியின்றி எவரும் அங்கே இருக்கக் கூடாது என்ற குடிநுழைவுச் சட்டம் ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்டது. தீவில் இருந்த ஏறத்தாழ 1,000 நாய்களைக் கொல்ல உத்தரவாயிற்று. சுட்டார்கள், விஷம் வைத்தார்கள். கடைசியில் கொப்பரை காயவைக்கும் கொட்டகையில் அடைத்து வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது நாம்தான் என்று பெரியவர்கள் புரிந்துகொள்ள அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அந்த ஆண்டு அக்டோபருக்குள் டியேகோ கார்சியா காலியாயிற்று. சிலரை மற்ற இரண்டு தீவுக்குழுக்களுக்கு மாற்றினார்கள். 1972-இல் சாலமனையும் 1973-இல் பெரோஸ் பன்ஹோஸையும் மூடினார்கள். நோர்ட்வேர் என்ற சரக்குக் கப்பலில் கம்பெனியின் குதிரைகளுக்கு மேல்தளம். மனிதர்கள் பலர் அடித்தளத்தில் சரக்கின்மேல் படுத்து வந்தார்கள். வழியில் செஷல்ஸில் தங்கவைக்கப்பட்ட இடம் சிறைச்சாலை. கையில் ஒரு பெட்டியும் பாயுமாக மொரீஷியஸில் இறங்கியவர்களை வரவேற்க எவரும் இல்லை. கடைசியாக வந்த கப்பலில் இருந்தவர்கள், தங்க இடம் காட்டாமல் இறங்க மாட்டோம் என்று போர்ட் லூயி துறைமுகத்தில் அடம்பிடித்த பிறகே, பாழடைந்த குடியிருப்புகளில் இடம் ஒதுக்கப்பட்டது. அதே கப்பலில் கர்ப்பிணியாக வந்து குழந்தையை இழந்த லிஸ்பி எலிசே என்ற பெண், 45 ஆண்டுகள் கழித்து 2018-இல் சர்வதேச நீதிமன்றத்தில் காணொளி வழியாகச் சாட்சியம் அளித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். அந்த வழக்கில் குவிந்த ஆயிரக்கணக்கான பக்கங்களைவிட, அவருடைய சில நிமிடப் பேச்சைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மேலே இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். தளத்தில் சமையல், துப்புரவு, கட்டுமானம் எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் பிலிப்பைன்ஸிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். தீவுக்காரர் அங்கே இருப்பதே பாதுகாப்புக்கு இடையூறு என்ற வாதத்தை இந்த ஒரு உண்மையோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

போர்ட் லூயியில்

மொரீஷியஸ் அப்போதுதான், 1968 மார்ச் 12-இல், விடுதலை அடைந்திருந்தது. அங்கே வேலையில்லாத் திண்டாட்டம் கடுமை. கரும்புதான் தொழில், தென்னை அன்று. தேங்காய் உரிப்பதிலும் கொப்பரை போடுவதிலும் கைதேர்ந்தவர்களின் திறமைக்கு அங்கே விலையில்லை. பெண்கள் வீட்டுவேலைக்கும் துணி துவைக்கவும் போனார்கள். ஆண்களுக்குத் துறைமுகத்தில் அன்றாடக் கூலி, அதுவும் கிடைத்தால். ரோஷ் புவா, காசிஸ் (Cassis) போன்ற நகரச் சேரிகளில் தகரக் கொட்டகைக்கும் வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. படியளந்து பழகியவர்கள், அரிசி முதல் விறகு வரை காசு கொடுத்து வாங்க வேண்டிய ஊரில், முதல் மாதமே கடன்காரர்களானார்கள். வந்த சில ஆண்டுகளிலேயே குழந்தைகளும் முதியவர்களும் பலர் இறந்தார்கள். மனம் ஒடிந்தே செத்தார்கள் என்று அச்சமூகம் சொல்கிறது. பேச்சு வழக்கை வைத்துக் கிண்டலும், கறுப்பு நிறத்தை வைத்து ஒதுக்கலும் வேறு.

இழப்பீடு வந்த கதை தனி. மறுவாழ்வுச் செலவுக்காக பிரிட்டன் 6,50,000 பவுண்டை மொரீஷியஸ் அரசிடம் 1970-களின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டது. அது குடும்பங்களின் கைக்கு வந்தது 1978-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் விலைவாசி அந்தப் பணத்தின் மதிப்பைத் தின்றுவிட்டது. மீதியைக் கடன் கொடுத்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். செஷல்ஸில் இறக்கிவிடப்பட்டவர்களுக்கு இதில் பங்கே இல்லை. ரொக்க இழப்பீட்டை ஒரு மறுவாழ்வுத் திட்டம் என்று அழைப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கடனில் மூழ்கியவருக்குக் காலந்தாழ்ந்து கொடுக்கும் பணம் கடன்காரருக்குத்தான் இழப்பீடு.

சார்லேசியா அலெக்சிஸ், லிசெட் தலாட், ரீத்தா பான்கூல் முதலிய பெண்கள் போர்ட் லூயியில் உண்ணாவிரதம் இருந்தார்கள், தெருவில் அமர்ந்தார்கள், போலீஸிடம் அடிபட்டார்கள். போராட்டத்தின் முதல் பத்தாண்டுகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்களே. வென்கடாசனின் வழக்கும் இந்தப் போராட்டமும் சேர்ந்து நெருக்க, 1982-இல் பிரிட்டன் இன்னும் 40 லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. மொரீஷியஸ் 10 லட்சம் பவுண்டு மதிப்புள்ள நிலம் தர வேண்டும் என்று ஏற்பாடு. ஒப்பந்தம் இரு அரசுகளுக்கு இடையே. பணம் பெற வந்தவர்களிடம் ஆங்கிலத்தில், சட்ட நடையில் அச்சிட்ட ஒரு படிவம் நீட்டப்பட்டது. இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்பது அதன் சாரம். எழுதப் படிக்கத் தெரியாத பலர் அதில் பெருவிரல் ரேகை பதித்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் வாசித்துக் காட்டவில்லை என்று பிற்பாடு அவர்கள் சொன்னார்கள்.

1965-இல் தீவைப் பிரித்த தாளில் அவர்கள் கையெழுத்து இல்லை. 1966-இல் தளத்துக்குக் கொடுத்த தாளில் இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இவ்வளவு தாள்களில் அவர்கள் கைப்பட்டது அந்த ஒரே படிவத்தில்தான். நீதிமன்றங்களில் அவர்களுக்கு எதிராகத் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டப்பட்டதும் அதே படிவம்தான். 2003-இல் இழப்பீட்டு வழக்கு தோற்றதற்கும், 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மனுவையே ஏற்க மறுத்ததற்கும் 1982-ஆம் ஆண்டு உடன்பாடு பெரிய காரணம். இந்த நிகழ்வைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். மறுகுடியமர்வின் கொடுமையைக் கப்பலிலும் நாய்களிலும் தேடுகிறோம். அது முன்னால் ஒரு பதிவேட்டின் வகைப்பாட்டிலும் பின்னால் ஒரு ரசீதின் சிறிய எழுத்துகளிலும் இருக்கிறது.

வழக்குகள்

வழக்குகளின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2000 நவம்பர் 3-இல் லண்டன் உயர்நீதிமன்றம், ஒரு நிலத்தின் மக்களை முழுவதுமாக வெளியேற்றும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. டியேகோ கார்சியா தவிர்த்த தீவுகளுக்குத் திரும்பலாம் என்று அரசும் ஏற்றது. ஏற்றதே தவிர, போக ஒரு படகு தரவில்லை. 2004 ஜூனில் பாராளுமன்ற விவாதமே இல்லாமல், அரசியின் பெயரால் பிறப்பித்த ஆணைகள் அந்த உரிமையை மறுபடி பறித்தன. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஆணைகளைத் தள்ளின. 2008-இல், அப்போது நாட்டின் மேல்முறையீட்டு உச்சமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதற்கிடையே 2006-இல் நூறு பேர் அளவில் தீவுகளுக்குக் குறுகிய பயணமாக அழைத்துச் செல்லப்பட்டார்கள். முன்னோர் கல்லறைகளில் மண்டிக் கிடந்த புதரை வெட்டித் துப்புரவு செய்துவிட்டுத் திரும்பினார்கள்.

2010-இல் சாகோஸைச் சுற்றி 6,40,000 சதுர கி.மீ. கடலை மீன்பிடி முற்றிலும் தடைசெய்யப்பட்ட காப்பகமாக பிரிட்டன் அறிவித்தது. பவளப்பாறைகளைக் காப்பது நல்ல காரியம்தான். ஆனால் மீன் பிடிக்க முடியாத தீவில் எவர் குடியேறுவார்? இத்தகைய காப்பகம் வந்தால் தீவுக்காரர் திரும்புவது கடினமாகிவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் பேசியதாகக் கசிந்த அமெரிக்கத் தூதரகத் தந்தி காட்டுகிறது. 2015-இல் கடல்சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்த நடுவர் தீர்ப்பாயம் அந்த அறிவிப்பு மொரீஷியஸின் உரிமைகளை மீறியது என்றது.

2019 பிப்ரவரி 25-இல் சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 1 என்ற பெரும்பான்மையில் கருத்துரைத்தது: சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் தன் ஆட்சியை விரைந்து முடித்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆதரித்தன, எதிர்த்தவை 6. பெரிய வெற்றிதான். ஆனால் வென்றது மொரீஷியஸ் என்ற நாடு.

வேலூரிலிருந்து பார்க்கும்போது

வேலூர் கோட்டைக்கு இந்த வகை விவகாரம் புதிதல்ல. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்து வைத்தது இங்கேதான். 1832-இல் அவர் இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடமான முத்து மண்டபம் இருக்கிறது. தீவிலிருந்து பெயர்க்கப்பட்ட மன்னருக்கு மாளிகையும் படியும் கொடுத்த அதே பேரரசு, தீவிலிருந்து பெயர்த்த கூலிகளுக்கு இறங்குதுறையைக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

நகரத்துக்கு அருகே மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. 2021 நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் இத்தகைய முகாம்களில் புது வீடுகள் கட்டும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் இங்கேதான். பழைய ஓட்டுக் கொட்டகைகள் போய்க் காங்கிரீட் வீடுகள் வந்தன. சாகோஸ் பாடத்தில், தீவு மக்களுக்கு பிரிட்டன் குடியுரிமை கொடுத்த 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, முகாமிலிருந்து படிக்க வரும் மாணவி ஒருவர் எழுந்து, 'சார், அவங்களுக்குக் குடியுரிமை குடுத்துட்டு ஊரைக் குடுக்கல. எங்களுக்கு வீடு குடுத்தாங்க, குடியுரிமை இன்னும் இல்ல. எங்க அம்மம்மா 1990-ல மண்டபம் முகாம்ல இறங்கினப்போ பதிவேட்டுல என்னன்னு எழுதினாங்களோ, அதுதான் இப்பவும் எனக்கு. நான் பொறந்தது இங்கதான்' என்றார். 'நீ சொல்றதைக் கொஞ்சம் எழுதிக் குடும்மா' என்று கேட்டு, அன்றைய பாடத்தை அதோடு முடித்துக்கொண்டேன். அவர் சொன்ன எதிர்ப்பொருத்தம் சரியானது. 2002-இல் பிரிட்டன் தீவில் பிறந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது, பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டது. தாய்க்குக் கடவுச்சீட்டு, மகளுக்கு விசா என்ற விசித்திரம் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நீடித்தது. கடவுச்சீட்டோடு கேட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் தொடக்கத்தில் அங்கேயே படுத்து உறங்கி, பக்கத்து ஊரான கிராலியில் விமான நிலையத் துப்புரவு வேலைகளில் சேர்ந்தார்கள். இங்கிலாந்தில் சாகோஸ் மக்கள் மிகுதியாக வாழ்வது இன்றும் அந்த ஊரில்தான்.

இரண்டு கதைகளும் ஒரே இடத்தில் சந்தித்ததும் உண்டு. 2021 அக்டோபரில், கனடா நோக்கிப் போன படகு பழுதாகி, 89 ஈழத்தமிழர்கள் டியேகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள். வேலி போட்ட கூடார முகாமில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர்களும் பின்னால் வந்தவர்களும் அடைபட்டிருந்தார்கள். குடிகள் இல்லாத தீவு என்பதால் அங்கே அகதிகளுக்கான சட்டமும் இல்லை என்பதே அதிகாரிகளின் நிலைப்பாடு. 2024 டிசம்பரில் பெரும்பாலோர் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1960-களில் தீவுக்காரரை நீக்குவதற்காகச் செய்த ஏற்பாட்டின் விளைவு, அரை நூற்றாண்டுக்குப் பிறகு, தொடர்பே இல்லாத தமிழ்க் குழந்தைகளின்மேல் விழுந்தது.

2025 ஒப்பந்தம்

2025 மே 22-இல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இறையாண்மை மொரீஷியஸுக்கு; டியேகோ கார்சியா தளம் 99 ஆண்டுகளுக்கு பிரிட்டன் வசம்; அதற்கு ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. மொரீஷியஸ் தரப்பில் கையெழுத்திட்டவர் பிரதமர் நவீன் ராம்கூலம். 1965-இல் லங்காஸ்டர் மாளிகையில் இசைந்த சிவசாகர் ராம்கூலத்தின் மகன். கையெழுத்தாகும் நாளன்று காலையில், இங்கிலாந்தில் வாழும் சாகோஸ் பெண்கள் இருவர், எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரைக் கொடுக்கிறார்கள் என்று நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள். சில மணி நேரத்தில் தடை நீங்கியது. ஒலிவியே பான்கூலின் அமைப்போ ஒப்பந்தத்தை வரவேற்றது. மொரீஷியஸில் உள்ளவர்களும் கிராலியில் உள்ளவர்களும் ஒரே கருத்தில் இல்லை. ஐம்பது ஆண்டுகள் வெவ்வேறு அரசுகளின் கீழ் வாழ்ந்தவர்கள் ஒரே குரலில் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஒப்பந்தப்படி டியேகோ கார்சியா தவிர்த்த தீவுகளில் மொரீஷியஸ் மக்களைக் குடியமர்த்தலாம். அமர்த்தியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அதில் இல்லை. சாகோஸ் மக்களுக்கென 4 கோடி பவுண்டில் அறக்கட்டளை நிதி தர பிரிட்டன் அதில் ஒப்புக்கொண்டது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது மொரீஷியஸ் அரசின் பொறுப்பு. 1970-களில் 6,50,000 பவுண்டு போய்ச் சேர்ந்த அதே கருவூலம். தென்னை காடாக மண்டிப்போன பெரோஸ் பன்ஹோஸில் படகுத்துறையும் குடிநீரும் மருத்துவமனையும் அமைத்து முதல் குடும்பத்தைக் கொண்டுபோய் இறக்கும் செலவை யார், எந்த ஆண்டுக்குள் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.